மதரஸா கணினியும் ஓர் உள்மோடமும்

 

பிள்ளை வளர்ப்பு, நோன்பின் சட்டங்கள், மதரஸாப் பாடத்திட்டம் என்று எழுதிவந்த நாம் இம்முறை ஒரு மோடத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். திருட்டுப் பிரதி இன்றி ஒரு மதரஸாவில் கணினியை நடத்த முடியுமா என்று வாசகர் சிலர் எம்மிடம் கேட்டிருந்தனர். முடியும் என்பதே விடை. ஆனால் எப்படி முடிந்தது என்பதைச் சொல்லாமல் அவ்விடையை மட்டும் தந்தால், அதை நம்பி இறங்குகிறவர் முதல் வாரத்திலேயே மனம் சலித்துத் திரும்பிவிடுவார். ஆகவே, 2005ஆம் ஆண்டில் ஏறக்குறைய நாற்பது நாள் எம்மை அலைக்கழித்த ஓர் உள்மோடத்தின் கதையைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

மதரஸாவுக்குக் கணினி வந்தது ஒரு மாணவரின் தகப்பனார் அளித்த நன்கொடையால். அதை வாங்கிய கடைக்காரர், விண்டோஸைத் தாமே நிறுவித் தருவதாகவும் அதற்குத் தனியாகக் காசு வேண்டாம் என்றும் சொன்னார். காசு வேண்டாம் என்றதுமே எமக்கு ஐயம் எழுந்தது. ரசீதில் விண்டோஸுக்கு ஒரு வரி இருக்குமா என்று கேட்டோம். அவர் சிரித்தார். அச்சிரிப்பே விடையாயிற்று.

மென்பொருளைப் பிரதியெடுப்பது குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. கையில் பிடிக்க இயலாத ஒன்றில் உடைமை எவ்வாறு ஏற்படும் என்று கேட்போர் இருக்கிறார்கள். எனினும் ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய தனது ஐந்தாம் அமர்வில், வணிகப் பெயர், நூலுரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை ஷரீஅத் மதிக்கும் உரிமைகளே என்றும், அவற்றில் அத்துமீறலாகாது என்றும் தீர்மானித்தது. நாம் அக்கருத்தையே சரி கண்டவர்கள். நாம் சரி காண்பதை வகுப்பில் சொல்லிவிட்டு, அலுவலக அறையில் வேறொன்றைச் செய்ய மனம் ஒப்பவில்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உரிமம் பெற்ற விண்டோஸை வாங்க நிர்வாகத்திடம் பணமில்லை. ஆகவே லினக்ஸ். ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் யூனிக்ஸைப் போன்று எழுதத் தொடங்கிய இயங்குதளம் அது. 1992இல் அவர் அதை ஜி.பி.எல். என்னும் உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். ரிச்சர்ட் ஸ்டால்மன் வகுத்த அவ்வுரிமத்தின் சாரம் இதுதான்: பிரதியெடுக்கலாம், பிறருக்குத் தரலாம், மாற்றியும் அமைக்கலாம், ஆனால் பிறருக்குத் தருகிறவர் தாம் பெற்ற அதே அனுமதியைப் பெறுகிறவருக்கும் தர வேண்டும். பொருளுக்கு உரியவரே வாய்விட்டு அனுமதித்துவிட்டபின் வேறு என்ன வேண்டும்? ரெட் ஹாட் லினக்ஸ் 9, மூன்று சி.டி.க்களில், அறிந்தவர் ஒருவரிடமிருந்து கிடைத்தது. அவர் எமக்குப் பிரதியெடுத்துத் தந்தார். அதில் திருட்டு ஏதும் இல்லை.

நிறுவுவது ஓர் அந்திப்பொழுதுக்குள் முடிந்தது. திரை, விசைப்பலகை, எலி, அச்சுப்பொறி எல்லாம் இயங்கின. மோடம் மட்டும் இயங்கவில்லை.

மோடம் எமக்கு ஏன் அத்தனை அவசியமாயிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். விடுதியில் தங்கி ஓதிய பிள்ளைகளுள் பலரின் தகப்பன்மார் வளைகுடாவில் இருந்தனர். அந்நாளில் அங்கே தபால் வீடு தேடி வருவதில்லை; நிறுவனத்தின் தபால்பெட்டிக்கு வந்து, அலுவலகத்தில் கிடந்து, யாரேனும் முகாமுக்குப் போகும்போது எடுத்துச் சென்றால் உண்டு. தொலைபேசியில் பேச முடிந்தது; ஆனால் மாதச் சம்பளத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது. பதினொரு வயதுப் பிள்ளை ஒருவனின் வாப்பா பாலைவனத்தில் கட்டுமான முகாம் ஒன்றில் இருந்தார். மூன்று மாதமாக இரு தரப்பிலும் கடிதம் சேரவில்லை. அவன் ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பின் அலுவலக அறை வாசலில் வந்து நிற்பான். எதுவும் கேட்கமாட்டான். அந்த முகாமின் மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சல் முகவரி இருந்தது. எமக்குத் தேவைப்பட்டதெல்லாம் அந்த முகவரிக்கு ஒரு கடிதத்தை அனுப்பக்கூடிய ஒரு கருவி.

இனி மோடத்துக்கு வருவோம். கணினி அறிந்தது பூஜ்யமும் ஒன்றும். தொலைபேசிக் கம்பி சுமக்க அறிந்தது மனிதக் குரலின் எல்லைக்குட்பட்ட ஒலியை. ஏறக்குறைய முந்நூறு ஹெர்ட்ஸ் முதல் மூவாயிரத்து நானூறு ஹெர்ட்ஸ் வரை. பூஜ்யத்தையும் ஒன்றையும் ஒலியாக மாற்றி அனுப்புவதும், வரும் ஒலியை மீண்டும் பூஜ்யமும் ஒன்றுமாக்குவதும் மோடத்தின் வேலை. பழைய மோடம்களில் இந்த வேலையைச் செய்யத் தனிச் சில்லு ஒன்று இருக்கும். கணினியின் கட்டளைகளைக் கேட்டு நடக்க இன்னொரு சில்லு இருக்கும். கணினி, “இந்த எண்ணைச் சுழற்று” என்று சொன்னால் போதும். மற்றதை மோடமே பார்த்துக்கொள்ளும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கணினியின் மூளை வேகம் பெற்றுவிட்டது. மோடத்தின் வேலையையும் அதன் தலையிலேயே ஏற்றிவிட்டால் சில்லுகளின் செலவு மிச்சம் என்று உற்பத்தியாளர்கள் கண்டனர். அவ்வாறு வந்தவற்றை ‘வின்மோடம்’ என்று பொதுவாக அழைக்கலாயினர். உண்மையில் அது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். பலகையில் தொலைபேசிக் கம்பியைச் செருகும் துளையும், ஒலியை வாங்கி அனுப்பும் எளிய மின்சுற்றும் மட்டுமே இருக்கும். மோடம் என்று சொல்லத்தக்க பகுதி விண்டோஸுக்காக எழுதப்பட்ட மென்பொருளில் இருக்கும். விலை குறைந்ததற்கு அதுவே காரணம். எமது கணினியில் இருந்தது அறுநூறு ரூபாய் மோடம். உள்ளே சில்லுகளைக் கொண்ட வெளிமோடம் ஒன்றின் விலை அதைப்போல் நான்கு மடங்கு. இதை ஏமாற்று என்று நாம் சொல்லமாட்டோம். பெட்டியின்மீது விண்டோஸுக்கு உரியது என்று அச்சிட்டுத்தான் இருந்தார்கள்.

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் அழகிய ஓர் ஒழுங்கு உண்டு. அங்கே கருவிகளும் கோப்புகளைப் போலவே கையாளப்படுகின்றன. அச்சுப்பொறிக்கு ஒரு கோப்பு, வட்டுக்கு ஒரு கோப்பு. விண்டோஸில் காம்-1 எனப்படும் துறை லினக்ஸில் டி.டி.ஒய்.எஸ்-0 என்ற கோப்பு. காம்-2 என்பது டி.டி.ஒய்.எஸ்-1, இவ்வாறே காம்-4 வரை. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் ஒன்று குறையும். மோடம் காம்-3இல் இருந்தால் டி.டி.ஒய்.எஸ்-2 என்ற கோப்பில் எழுதுவதே அதனிடம் பேசுவது. அதில் வருவதைப் படிப்பதே அது சொல்வதைக் கேட்பது.

அந்தக் கோப்பில் நாம் எத்தனையோ முறை பேசினோம். மினிகாம் என்னும் நிரலைத் திறந்து, ஏ.டி. என்று தட்டினால் மோடம் ஓ.கே. என்று பதில் சொல்ல வேண்டும். 1981இல் ஹேய்ஸ் நிறுவனம் கொண்டுவந்த வழக்கு அது; எல்லா மோடம்களுக்கும் அதுவே பொதுமொழி ஆயிற்று. எமது மோடம் மௌனமாயிருந்தது. டி.டி.ஒய்.எஸ்-0 முதல் 3 வரை நான்கிலும் கேட்டோம். பதிலில்லை.

பாலிடெக்னிக்கில் படித்த இளைஞர் ஒருவர் மஃரிபுக்குப் பின் வந்து உதவுவார். அவர் செட்சீரியல் என்ற கட்டளையைத் தந்து, ஒவ்வொரு துறையின் பின்னாலும் என்ன சில்லு இருக்கிறது என்று கேட்டார். முதலிரண்டுக்கும் ‘16550ஏ’ என்று வந்தது. அது தொடர்துறைச் சில்லின் பெயர். அடுத்த இரண்டுக்கும் ‘தெரியவில்லை’ என்று வந்தது.

“ஹஜ்ரத், ஆளே இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு இருக்கோம்” என்றார்.

பிறகு எல்.எஸ்.பி.சி.ஐ. என்ற கட்டளையை இட்டார். தாய்ப்பலகையில் செருகப்பட்டுள்ள ஒவ்வொன்றின் பெயரையும் அது வரிசையாகச் சொல்லும். உண்மையான சில்லுகளோடு கூடிய மோடமாயிருந்தால் பொதுவாகத் தொடர்துறைக் கட்டுப்பாடு என்ற வகையில் வரும். எமக்கு வந்தது தகவல்தொடர்புக் கட்டுப்பாடு என்ற வகையில்: கோனெக்சன்ட், எச்.எஸ்.எஃப்., 56கே. மோடம். லினக்ஸில் உள்மோடத்தோடு போராடும் எவருக்கும் நாம் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. வேறெதையும் செய்வதற்கு முன் இந்த ஒரு கட்டளையை இட்டு, அந்தப் பெயரைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பலகையின் மேல் ஒட்டியிருக்கும் பெயரையும் பெட்டியின் பெயரையும் நம்பிப் பயனில்லை. சில்லின் பெயரே பெயர். எந்த டிரைவர் வேண்டும் என்பது அதைக் கொண்டுதான் தெரியும். லூசென்ட் சில்லுக்கு ஒன்று, ஸ்மார்ட் லிங்க் சில்லுக்கு வேறொன்று, மோட்டோரோலாவுக்கு மற்றொன்று. ஒன்றின் டிரைவர் இன்னொன்றுக்கு உதவாது.

எமது சில்லுக்கான டிரைவரைக் கனடாவைச் சேர்ந்த லினக்சன்ட் என்ற சிறு நிறுவனம் தந்துகொண்டிருந்தது. அதை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையத்தில் இணைவதற்கே மோடம் வேண்டும்! கடைத்தெருவில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு இளைஞரோடு நாமும் நடந்தோம். அங்கே சி.டி. எழுதும் கருவி இல்லை. பிளாப்பி மட்டும்தான், ஒன்றில் 1.44 எம்.பி. கொள்ளும். கோப்பு அதில் அடங்கவில்லை. மூன்று துண்டாக வெட்டி, மூன்று பிளாப்பிகளில் ஏற்றி, மதரஸாவுக்குக் கொண்டுவந்து ஒன்றாகச் சேர்த்தோம்.

சேர்த்தபின் எம்.டி.5 என்ற சரிபார்ப்பைச் செய்ய வேண்டும் என்றார் அவர். கோப்பு முழுவதையும் படித்து முப்பத்திரண்டு எழுத்துகள் கொண்ட ஒரு முத்திரையை அது கணக்கிடும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை மாறிவிடும். இறக்கிய இடத்தில் குறித்த முத்திரையும் இங்கே வந்த முத்திரையும் வேறுபட்டன. மூன்றாம் பிளாப்பி பழுது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர்கள் சிரித்தார்கள். அன்று காலைதான் அவர்களுக்கு அறிவிப்பாளர் வரிசையில் ஒருவர் பலவீனமானால் அந்த அறிவிப்பை என்ன செய்வது என்று பாடம் நடத்தியிருந்தோம். மறுநாள் புதிய பிளாப்பியோடு மீண்டும் நடந்தோம்.

இதன் பின்னர் வந்த நாட்களைச் சுருக்கமாகவே சொல்கிறோம். கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் மையப்பகுதியோடு டிரைவர் பொருந்த வேண்டும். எமது கெர்னலின் பதிப்பு 2.4.20-8. கெர்னலின் மூலநிரல் அதே பதிப்பில், கடைசி எண் வரை அதே பதிப்பில் இருந்தால்தான் டிரைவரைத் தொகுக்க இயலும். அது சி.டி.க்களுள் ஒன்றில் இருந்தும் நிறுவப்படாமல் இருந்தது. தொகுக்கும் கருவிகளும் அவ்வாறே. இவையெல்லாம் தேடி நிறுவி, டிரைவரின் அமைப்பு நிரலை ஓட்டி, உரிம நிபந்தனைகளை ஏற்கிறோம் என்று ஒப்பியபின், கடைசியில் டி.டி.ஒய்.எஸ்.எச்.எஸ்.எஃப்-0 என்ற நீண்ட பெயரோடு ஒரு புதிய கோப்பு தோன்றியது.

அதோடு, கெர்னல் கறைபட்டது என்ற பொருளில் ஓர் அறிவிப்பும் வந்தது. நாம் திடுக்கிட்டோம். இளைஞர் விளக்கினார்: மூலநிரல் திறந்து வைக்கப்படாத ஒரு பகுதியைச் சேர்த்தால் கெர்னல் தன்மீது அவ்வாறு குறித்துக்கொள்ளுமாம். பின்னர் பழுது நேர்ந்து யாரிடமாவது உதவி கேட்கும்போது, உள்ளே யாரும் பார்க்க இயலாத ஒன்று இருக்கிறது என்று அவர்கள் அறிவதற்காக. அது குற்றச்சாட்டு அன்று. ஒளிவுமறைவற்ற ஓர் ஒப்புதல். சுத்தம், அசுத்தம் பற்றிய பாடத்தில் ஊறிய எமக்கு அந்தச் சொல் சிறிது நாள் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

மினிகாமில் ஏ.டி. என்று தட்டினோம். ஓ.கே. என்று வந்தது. அறையில் இருந்தோர் அனைவரும் அல்ஹம்துலில்லாஹ் என்றனர்.

ஆனால் ஓ.கே. சொல்லும் மோடம் உடனே இணைந்துவிடுவதில்லை. எண்ணைச் சுழற்றச் சொன்னால், ‘டயல் டோன் இல்லை’ என்றது. தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தால் ஒலி கேட்கிறது, மோடத்துக்குக் கேட்கவில்லை. டயல் டோன் நாட்டுக்கு நாடு வேறுபடும். மோடம் வேறொரு நாட்டின் ஒலியை எதிர்பார்த்துக் காத்திருந்தது. இந்தியாவுக்கு உரிய நாட்டுக்குறியைக் கொடுக்கலாம். அல்லது டயல் டோனுக்குக் காத்திராமல் சுழற்று என்று ஏ.டி.எக்ஸ்.3 என்ற கட்டளையைத் தொடக்கத்தில் சேர்க்கலாம். நாம் இரண்டையும் செய்தோம். பிறகு அந்த ஒலி கேட்டது. கீச்சிட்டு, இரைந்து, மணியடித்து அடங்கும் அந்த ஓசையை இன்றைய பிள்ளைகள் அறியமாட்டார்கள்.

சுழற்றும் வேலையை டபிள்யூ.வி.டயல் என்ற நிரல் செய்தது. அதன் அமைப்புக் கோப்பில் ‘ஸ்டுப்பிட் மோட்’ என்று ஒரு வரி உண்டு. அறிவிலி முறை என்று பொருள் கொள்ளலாம். எதிர்முனையில் கணினி என்ன கேட்கிறது என்று ஆராயாமல், இணைந்தவுடனே பி.பி.பி. என்ற முறையில் பேசத் தொடங்கு என்பது அதன் பொருள். எமது சஞ்சார்நெட் அட்டைக்கு அந்த வரியை ‘ஆம்’ என்று மாற்றியபின்தான் வழி திறந்தது. சில நேரம் ஆராயாமல் போவதே ஆராய்வதைவிட நன்மை பயக்கும் போலும்!

இணைந்தது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. இந்த ஓர் இடத்தில் நான்கு இரவுகள் போயின. காரணம் எளிது. நிறுவும்போது, கணினியில் இருந்த நெட்வொர்க் கார்டையே வெளியுலகுக்கான வழி என்று இயங்குதளம் குறித்துக்கொண்டிருந்தது. அந்தக் கார்டில் எந்தக் கம்பியும் செருகப்படவில்லை. பி.பி.பி. இணைப்பு வந்தபோது, ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது, அதை மாற்றமாட்டேன் என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுச் சும்மா இருந்தது. அந்தப் பழைய வழியை நீக்கியவுடன் பக்கங்கள் திறந்தன. லினக்ஸ் தன் குறையைப் பதிவேட்டில் எழுதி வைக்கும் நல்ல பழக்கம் உடையது. நாம்தான் சென்று படிக்க வேண்டும்.

அடுத்துத்தான் உண்மையான சோதனை வந்தது. இணைப்பின் வேகம் 14.4 கே.யைத் தாண்டவில்லை. பெட்டியில் 56 என்று இருந்தது. இளைஞர் உரிம அறிவிப்பை மீண்டும் படித்துக் காட்டினார். லினக்சன்ட்டின் இலவசப் பதிப்பு 14.4 கே. வரைதான் செல்லும். முழு வேகம் வேண்டுமெனில் உரிமத்திறவு ஒன்றை விலைக்கு வாங்க வேண்டும். இருபது டாலருக்கும் குறைவான தொகை. அன்றைய கணக்கில் தொள்ளாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். இந்த நிபந்தனையை அவர்கள் எங்கும் மறைக்கவில்லை.

மறுநாள் மூத்த மாணவர் ஒருவர் ஒரு தாளோடு வந்தார். பிரவுசிங் சென்டரில் தேடி எடுத்தாராம். யாரோ வாங்கிய உரிமத்திறவு அதில் இருந்தது.

“இதைப் போட்டா முழு வேகம் வந்துடும் ஹஜ்ரத்.”

நாம் அந்தத் தாளை வாங்கவில்லை. அவரை அமரச் சொன்னோம்.

அவர் அறிவிலி அல்லர், வாதத்தோடுதான் வந்திருந்தார். “பொருளை எடுத்தா அவருக்குக் குறையும். இது அப்படி இல்லையே, ஹஜ்ரத். அவர் பொருள் அவருகிட்டயேதான் இருக்கு.” நாம் கேட்டோம்: நிபந்தனைகளை ஏற்கிறோம் என்று அன்று ஒப்பியது யார்? அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் எதைப் பற்றிப் பேசுகிறது? அவர் சற்று மௌனமாக இருந்தார். பிறகு இன்னும் வலுவான வாதத்தை எடுத்தார். “மோடம் நாம காசு கொடுத்து வாங்கினது. பெட்டியில 56னு போட்டுத்தான் வித்தாங்க. அந்த வேகம் நம்ம சொத்து. அதைத் தடுக்கிற நிபந்தனை எப்படிச் செல்லும்?”

இது சிந்திக்கத்தக்க வாதம். இதற்குப் பதிலாக நாம் சொன்னது: 56 என்று சொல்லி விற்றவர் வேறு, டிரைவரை எழுதியவர் வேறு. விற்றவர் விண்டோஸில் அந்த வேகத்தைத் தருவதாகச் சொன்னார், அங்கே தருகிறார். லினக்ஸில் தருவதாக அவர் சொல்லவில்லை. டிரைவரை எழுதியவருக்கு நாம் ஒரு காசும் கொடுத்ததில்லை. அவர் 14.4ஐ இலவசமாகத் தந்து, மிச்சத்துக்கு விலை கேட்கிறார். விற்றவர்மீது நமக்கு ஏதேனும் பாத்தியதை இருந்தால், அதை இவரிடம் வசூலிப்பது எப்படி நியாயமாகும்? மாணவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவர் முழுமையாக இசைந்தார் என்று சொல்ல இயலாது. தன் சொத்தின் பயனை ஒருவன் பெறுவதற்கு இன்னொருவனின் மூடிய மென்பொருள் வாயிற்காவலாக நிற்கலாமா என்ற அவருடைய கேள்வி எமக்கு இன்றளவும் முற்றிலும் வலுவற்றதாகத் தோன்றவில்லை. விடை எதுவாயினும், யாரோ ஒருவருடைய திறவை எடுத்து அந்தக் கதவைத் திறக்கலாம் என்று மட்டும் அது ஆகாது.

அன்று மாலை, 14.4 வேகத்திலேயே முதல் கடிதத்தை அனுப்பினோம். வாசலில் நிற்கும் அந்தப் பிள்ளையை உள்ளே அழைத்து நாற்காலியில் அமர்த்தினோம். முகாமிலிருந்த கணினியில் தமிழ் எழுத்துகள் தெரியுமா என்ற ஐயத்தால், ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதும்படி ஆயிற்று. அவன் சொல்லச் சொல்ல இளைஞர் தட்டினார். சலாம் சொன்னான். அம்ம ஜுஸ்வு முடிந்துவிட்டது என்றான். உம்மாவின் கால்வலி இப்போது தேவலை என்றான். பிறகு நீண்ட நேரம் எதுவும் சொல்லவில்லை. “வேற?” என்று இளைஞர் கேட்டார். “வாப்பா எப்ப வருவாங்கன்னு கேளுங்க” என்றான். ஒரு பக்கக் கடிதம் இரண்டு கே.பி. கூட இல்லை. 14.4 கே. என்பது நொடிக்கு ஏறக்குறைய ஒன்றரை கே.பி. அவன் எழுந்து நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளுவதற்குள் கடிதம் போய்விட்டது.

பதில் ஆறாம் நாள் வந்தது. மேற்பார்வையாளர் தட்டி அனுப்பியிருந்தார். அதை அச்செடுத்து அவனிடம் கொடுத்தோம். தகப்பனார் வரும் மாதம் அதில் இருந்தது. அதன்பின் அவன் வாசலில் நிற்பதில்லை, நேரே உள்ளே வந்து, “ஏதாச்சும் வந்துருக்கா ஹஜ்ரத்?” என்று கேட்பான்.

கடிதங்களுக்கு 14.4 போதும் என்பதால், திறவு வாங்கப் பணம் கேட்டபோது பொருளாளர் மறுத்தார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் எமக்கு அரபு நூல்களின் மின்பிரதிகளும் தேவைப்பட்டன. ஐந்து எம்.பி. கோப்பு ஒன்றை 14.4இல் இறக்க ஒரு மணி நேரம் ஆகும். முழு வேகத்தில், எமது ஊர்க் கம்பியில் நொடிக்கு ஐந்து கே.பி. கிடைத்தாலும், கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். தொலைபேசிக் கட்டணம் நிமிடக் கணக்கில் ஓடியது. இரண்டு மாத ரசீதுகளைக் கொண்டுபோய் அவர்முன் வைத்தோம். கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு அவரே, “வாங்கிடுவோம் ஹஜ்ரத்” என்றார்.

ஆனால் எவ்வாறு வாங்குவது? இணையத்தில் டாலரில் செலுத்த அட்டை வேண்டும். வட்டி ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டியிருப்பதால் கிரெடிட் கார்டு வைத்துக்கொள்வதில்லை என்பது நிர்வாகிகள் பலரின் நிலை. அபுதாபியில் கணக்கராக இருக்கும் பழைய மாணவர் ஒருவர் தம் கணக்கிலிருந்து நேரே கழியும் அட்டையால் செலுத்தி, திறவை மின்னஞ்சலில் அனுப்பினார். அந்த மின்னஞ்சலும் 14.4 வேகத்தில்தான் வந்தது. தொகையை அவர் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். மதரஸாக் கணக்கில் அதை நன்கொடை என்று எழுதி, எதற்கான நன்கொடை என்பதையும் பொருளாளர் தம் கையெழுத்தில் குறித்து வைத்தார்: ‘மோடத்தின் மிச்ச வேகம்.’

மறு வருடம் பெண்கள் பிரிவுக்கு இன்னொரு கணினி நன்கொடையாக வந்தது. முன்னதைவிடப் பழையது. அது வேறு தெருவில், வேறு தொலைபேசியோடு இருந்தது. அதற்கும் ஒரு மோடம் வேண்டும். எமது திறவு ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. இளைஞர் அந்தக் கணினியைத் திறந்து பார்த்துவிட்டு மகிழ்ந்தார். உள்ளே ஐ.எஸ்.ஏ. எனப்படும் பழைய வகைச் செருகுவாய், கறுப்பாக, நீளமாக, காலியாக இருந்தது. பழைய சாமான் விற்கும் கடையிலிருந்து நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு மோடம் வாங்கி வந்தார். கை நீளத்துக்கு ஒரு பலகை. அதில் சில்லுகள் நெருக்கமாக இருந்தன. வேகம் 33.6 கே. மட்டுமே. ஜம்பர் எனப்படும் சிறு மூடிகளை இடம் மாற்றி அதைக் காம்-3இல், ஐந்தாம் இடையீட்டு எண்ணில் அமர்த்தினார். லினக்ஸ் காம்-3க்குத் தானாக எதிர்பார்ப்பது நான்காம் எண்ணை. ஆகவே செட்சீரியல் கட்டளையால் அதை ஐந்து என்று சொல்லி, கணினி தொடங்கும்போதெல்லாம் தானே சொல்லும்படி ஒரு வரியை எழுதிவைத்தார். டிரைவர் இல்லை, தொகுப்பு இல்லை, கறையும் இல்லை. ஏ.டி. என்று தட்டியவுடன் ஓ.கே. வந்தது. அஸருக்கு முன் தொடங்கிய வேலை, பாங்கு சொல்லும்போது முடிந்திருந்தது.

அங்கே ஓதும் பெண் பிள்ளைகளின் கடிதங்கள் வியாழக்கிழமை மாலைகளில் அதன் வழியாகப் போயின. தட்டச்சு செய்தவர் அவர்களுடைய ஆசிரியை. 14.4ஐப் பற்றியோ திறவைப் பற்றியோ அவருக்கு எதுவும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை.